ஏலத்தில் திரும்பி வந்த கம்பளிப் பூசணி

கோலார் தங்க வயலில் எங்கள் சபையார் அறுப்பின் பண்டிகையைத் தடபுடலாகக் கொண்டாடுவார்கள். ஆனால் அறுவடை செய்தவர் என்று ஒருத்தரும் கிடையாது. தாத்தாக்கள் சுரங்கத்தில் பாறை உடைத்தார்கள், அப்பாக்கள் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டி ஊர் நடுவே குவிந்திருக்கும் சயனைடு மேட்டில் புல்கூட ஒழுங்காக முளைக்காது. இருந்தாலும் சந்தையில் பூசணியும் கரும்பும் வாங்கி, நாங்களே விளைவித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சர்ச்சுக்குத் தூக்கிப் போவோம். ஆராதனை முடிந்ததும் கொடுத்தவர் பெயரைச் சொல்லி அதையெல்லாம் ஏலம் விட்டு, பணத்தைச் சபைக்குச் சேர்ப்பார்கள்.

எனக்கு எட்டு வயதானபோது, அப்பாவின் தங்கையான அத்தைக்கு இந்த நடிப்பு அலுத்துவிட்டது. வெளிநாட்டுக்குக் கம்பளிக் கோட்டு தைக்கும் பெங்களூர் கார்மென்ட்ஸ் ஒன்றில் அவளுக்கு வேலை. வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வருவாள். எல்லாம் துரு நிறம், கடுகு மஞ்சள், பழுப்பு. அந்த நாடுகளில் இலை உதிரும் காலத்தில் துணிப் பூசணியும் துணி இலையும் தைத்து வீட்டை அலங்கரிப்பார்களாம். அப்படி ஒரு படத்தை வேலையிடத்தில் பார்த்திருக்கிறாள். "நம்ம கையில விளையறது இதுதான? இதையே வெச்சா இன்னா?" என்றாள்.

பெண்கள் சங்கத் தலைவிக்கு இது பிடிக்கவில்லை. "துணிப் பூசணிய யாரும்மா ஏலம் எடுப்பாங்க? ஆக்கித் துன்னவா? ஏலம் போகலன்னா உனக்குத்தான் அசிங்கம்."

அத்தை பிடிவாதக்காரி. இரண்டு மாதம் தைத்தாள். இலைகளை வேலைக்குப் போய்வரும் ரயிலிலேயே முடித்துவிடுவாள். ஓரத்தை மடிக்கவே மாட்டாள், பிசிறு தெரிந்தால்தான் காய்ந்த இலையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசணி. துணியை வட்டமாக வெட்டி, ஓரத்தில் நூலோட்டி, சுருக்குப்பை மாதிரி இழுத்து, உள்ளே பொடித் துண்டுகளைத் திணிப்பாள். பிறகு தடித்த நூலை அடியிலிருந்து உச்சிக்கு எட்டு முறை இழுத்துக் கட்டுவாள். வெறும் உருண்டை என் கண்ணெதிரே வரிவரியாகப் புடைத்துப் பூசணியாகிவிடும். காம்புக்கு ஒரு யூகலிப்டஸ் சுள்ளி. அப்படி ஒரு கைவேலைக்காரியை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

பண்டிகையன்று ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. அத்தை பயந்துபோய், பின்பக்கம் பிரியாணி வேகும் இடத்துக்கு நழுவிவிட்டாள். கமிட்டிக்காரர் பெரிய பூசணியைத் தூக்கிக் காட்டி அவள் பெயரைச் சொன்னார். கண்ணாடி போட்ட ஒருவர், ஃபாக்டரியில் வெல்டராக இருப்பவர், உடனே ஏலம் கேட்டு எடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அடுத்த நிமிடமே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்! மறுபடி அத்தையின் பெயர், மறுபடி ஏலம். இன்னும் இரண்டு பேர் போட்டி போட்டும் விடாமல் அவரே எடுத்தார். எடுத்ததைத் திரும்பவும் மேசைமேல் வைத்தார்.

எடுத்த பொருளுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, அதைச் சபைக்கே கொடுத்து மறுபடி ஏலம் விடச் செய்வது எங்கள் ஊரில் அதைப் படைத்தவருக்குப் பெரிய மரியாதை. ஏலம் என்றாலே வெளியே ஓடிப்போய் விளையாடும் எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அத்தையின் உழைப்பை இந்த மனிதர் இளக்காரம் செய்கிறார் என்றே நினைத்தேன். மூன்றாவது முறையும் அவர் எடுத்துத் திருப்பிக் கொடுத்தபோது, ஓடிப்போய் பூசணியைப் பிடுங்கினேன்.

"வேணான்னா வுடுங்க, நாங்களே வெச்சிக்கறோம்!"

சர்ச்சே சிரித்தது. பூசணியைக் கட்டிக்கொண்டு அழுதபடி வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை வந்து திட்டவில்லை. "யாருடி எடுத்தது?" என்று மட்டும் கேட்டாள்.

"அந்தக் கண்ணாடிக்காரருதான். மூணு வாட்டியும் வேணான்னு திருப்பிட்டாரு."

"மூணு வாட்டியுமா?" என்றவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில், அந்த ஆள் எங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கவே கூடாது என்று கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டேன். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவர் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தார். என் ஜெபத்தைக் கர்த்தர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று கோபித்துக்கொண்டேன். அன்று ஜெபத்தில் என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அத்தையும் அதே கர்த்தரிடம் ஏதோ கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.