அம்மா வழி ரத்தம்

ஊசியும் குழாயுமாகப் பிழைக்கும் சக லேப்காரர்களே, நம்மைப் பார்த்ததும் முகம் மலர்ந்த ஒரு மனிதரையாவது நீங்கள் கண்டதுண்டா? பதினாறு வருடமாகத் தூத்துக்குடியில் ரத்தம் எடுக்கிறேன், நான் கண்டதில்லை.

மூச்சு

லூர்து அண்ணாச்சி சங்கு குளிக்கிறவர், மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற தொழில். கொஞ்ச நாளாகப் படகில் ஏறவே காலில் தெம்பில்லை என்று டாக்டரிடம் போக, அவர் தசை களைத்தால் ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். உங்களுக்குத் தெரியாததில்லை: அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும், கையை இறுக்கக் கூடாது. இல்லாவிட்டால் நல்ல உடம்புக்கே அளவு ஏறிக் காட்டும்.

ஊசியைக் கண்டதும் மனுஷர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, முஷ்டியை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டார். கடலுக்குள் இறங்கப் போகிறாராம்! எடுத்த ரத்தத்தைக் கொட்டிவிட்டு மறுபடி உட்கார வைத்தேன். மூச்சை விடுங்கள் என்று கத்தியதற்கு அவர் சொன்னது:

"மூச்ச விட்டுக்கிட்டு எவன் முங்குவான் தங்கச்சி?"

வயது

இரண்டாம் தடவை ஒழுங்காக எடுத்தும் அளவு கூடுதல்தான். தொடைச் சதையில் துளி வெட்டிச் சென்னைக்கு அனுப்பினார்கள். அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். அண்ணாச்சிக்கு இமைகள் பாதிக் கண்ணுக்குத் தொங்குகின்றன, கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. வயதைக் கேட்காமலே அறுபத்தொன்று என்று எழுதிவிட்டேன். அவருக்கு நாற்பத்தொன்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சமாளிக்கத் தெரிந்ததைச் சொன்னேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி அடுப்புகள் இருக்கின்றன. சாப்பாட்டை எரித்துத் தெம்பாக்குவது அவைதான். அந்த அடுப்பை எரிய வைக்கும் என்சைம்கள் வயது போகப் போக எல்லோருக்கும் தளரும், சிலருக்கு முன்னாலேயே படுத்துவிடும். உங்களுக்கு அப்படி இருக்குமோ என்றுதான் பார்க்கிறார்கள் என்றேன். அவர் படிவத்தில் நான் எழுதிய வயதைத் தொட்டுக் காட்டினார்.

"அப்போ நடுவுல அந்த இருவது வருசம் எங்கன போச்சு?"

ஓலை

அண்ணாச்சியின் ஒரே மகள் ஜெசி. தருவைகுளத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் தங்கை மரியபுஷ்பத்தின் மகனுக்குத்தான் அவளைப் பேசி முடித்திருந்தார்கள். மாதா கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பு ஓலையில் முதலாவதும் வாசித்தாயிற்று. சென்னை ரிப்போர்ட் வந்த வாரம் மரியபுஷ்பம் தனியாக லேபுக்கு வந்தார். அண்ணன் நோய் ஜெசி ரத்தத்தில் இருக்கிறதா என்று சொல்ல வேண்டுமாம்.

ரிப்போர்ட் சொன்னதோ தலைகீழ். அண்ணாச்சிக்குப் பழுது அந்த அடுப்பில்தான், அது அம்மாவிடமிருந்து மட்டும் வருவது. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்காது; ஜெசிக்குப் பயமில்லை. ஆனால் அதே தாய் பெற்ற தங்கைக்கும், அவர் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் இருக்கலாம். எதிரே நின்ற மரியபுஷ்பம் என்னைப் பார்க்கத் தாடையைத் தூக்கினார். அவர் இமைகளும் இறங்கத் தொடங்கியிருந்தன. ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. நீங்களும் ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். இரண்டாம் ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"எனக்கு என்னத்துக்குளா டாக்டரு? நோய எம் வீட்டுக்குள்ள விடாம இருந்தாப் போதும்."

எண்ணிக்கை

டாக்டர் எல்லாவற்றையும் அண்ணாச்சிக்கு விளக்கிவிட்டார். தங்கையிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும் என்றும் சொன்னார். ரிப்போர்ட் வாங்க வந்த அண்ணாச்சியிடம் நான் ஆத்திரத்தோடு கேட்டேன். ஊரே ஜெசியை நோய்க்காரி என்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்ததே, தங்கை வீட்டிலும் வைத்தியம் பார்ப்பார்களே, ஏன் சொல்லவில்லை?

அவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"எனக்கு ஒத்தப் புள்ள. அங்கன மவன் போக ரெண்டு பொம்பளப் புள்ளைய கல்யாணத்துக்கு நிக்கி. நோயி எங்க வீட்டோடயே இருக்கட்டும் தங்கச்சி."

சென்னை ரிப்போர்ட்டில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை, தண்டனைதான் ஆள் மாறிப் போய்விட்டது.