பிரான்சில் அண்ணர் கை நனைத்த வீடு

இந்த மலரின் மற்றப் பக்கங்களில் நல்லவர்கள் அண்ணரைப் பற்றி நல்லதாக எழுதியிருக்கிறார்கள். வள்ளல், வழிகாட்டி, ஆலமரம் என்று ஒரே மனிதர் பல உருவம் எடுத்திருக்கிறார். கூடப்பிறந்த தம்பி என்ற முறையில் எனக்கும் சில பக்கங்கள் ஒதுக்கினார்கள். தயங்கினேன். பகிடி எழுதிப் பழகிய கைக்கு, செத்தவரின் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் அந்தியேட்டி மலரில் என்ன வேலை? அண்ணிதான் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“உள்ளதை எழுதுங்கோ தம்பி. பொய்க்கு மற்றப் பக்கங்கள் இருக்குத்தானே.”

ஆகவே எழுதுகிறேன். முறைப்பாடுகளை அண்ணியிடம் கொடுக்கவும்.

அண்ணர் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்து நான், எனக்கு அடுத்து தங்கச்சி. அப்பா இளவயதிலேயே காலமானதால், ஒழுங்காக வேட்டி கட்டப் பழகுமுன்பே அண்ணர் குடும்பத் தலைவரானார். அந்தப் பதவியிலிருந்து அவர் கடைசிவரை இறங்கவில்லை. பொறியியல் படித்தார். நாட்டில் சண்டை முற்றியபோது தங்கச்சியைப் பிரான்சுக்கு அனுப்பினார். தாம் நியூசிலாந்துக்கு வந்து, பிறகு என்னையும் இழுத்தெடுத்தார். பாலம் கட்டப் படித்தவர் ஓக்லாந்தில் முதலில் செய்த வேலை, குளிரறைக்குள் ஆட்டுத் தொடைகளை அடுக்குவது. அதைப் பற்றி ஒரு சொல் அலுத்துக்கொண்டதில்லை. பிறகு நகரசபையில் வீதி வேலைப் பகுதியில் சேர்ந்தார். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீடு வாங்கினார். குளிர்காலத்தில் அந்த வீட்டுக்குள் இருப்பதைவிட வாசலில் நிற்பது இதமாக இருக்கும்.

அந்த வீட்டில் வந்து தங்காத தமிழர் குறைவு. முன்பின் தெரியாதவர்களையும் விமான நிலையம் போய் ஏற்றிவருவார். வேலை தேடிக் கொடுப்பார், கார் ஓட்டப் பழக்குவார். ஆனால் காருக்குள் ஏறியதும் கேள்விகள் தொடங்கும்.

“எந்த ஊர் தம்பி?”

“ஊரிலை எவடம்?”

“கோயிலுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?”

கார் பெருந்தெருவுக்கு ஏறுமுன் விடை தெரிந்துவிடும். விடையைப் பொறுத்து, வீட்டில் தேநீர் பீங்கான் கோப்பையில் வரும் அல்லது கடதாசிக் கப்பில் வரும். கடதாசிக் கப்பில் குடித்தவர்களும் செத்தவீட்டுக்கு வந்து உண்மையாகவே அழுதார்கள். அவர்களுக்கு அண்ணர் செய்த உதவி கப்பைவிடப் பெரிது என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

பரிஸில் தங்கச்சி ஒருவரை விரும்பி மணந்தாள். மச்சானும் எங்கள் ஊர்தான். ‘எவடம்’ என்ற கேள்விக்குத்தான் அவரிடம் அண்ணருக்குப் பிடித்த விடை இல்லை. இதற்குமேல் விளக்கம் தேவைப்படுகிறவர்கள் யாருக்கும் இந்த மலர் கிடைத்திராது.

அண்ணர் தொலைபேசியில் சத்தம் போடவில்லை. “நீ நல்லாயிரு. ஆனால் உன்ர வீட்டிலை நான் கை நனைக்கமாட்டன்” என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அங்கே சாப்பிடுவது. அண்ணர் வாக்குத் தவறாதவர். ஒரு கலியாணத்துக்குப் பரிஸ் போனபோது தங்கச்சி வீட்டுக்கும் போனார். நல்ல நாற்காலியில் இருந்தார், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டியபோது, “இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்” என்றார். நானோ அதே வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, பரிஸ் ஹோட்டல் சாப்பாடு வாயில் வைக்க முடியாது என்று அண்ணரிடம் வந்து அலுத்துக்கொள்கிறவன். வீரம் எங்கள் குடும்பத்தில் மூத்தவரோடு முடிந்துவிட்டது.

அண்ணருக்கு நெஞ்சு வருத்தம் வந்து, இனிக் கனகாலம் தாங்காது என்று வைத்தியர் சொன்னபோது, தங்கச்சி என்னை அழைத்தாள்.

“சின்னண்ணை, ஒரே ஒரு நேரச் சாப்பாடு. அவர் போறதுக்கு முதல் என்ர கையாலை. வேற ஒண்டும் நான் கேக்கேல்லை.”

நாலு புத்தகம் படித்தவன் ஆதலால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அண்ணர் சொன்னது ‘உன்ர வீட்டிலை’ என்றுதானே? அவள் வீடாக இல்லாத ஒரு வீட்டில் எல்லோரும் ஒரு கிழமை, ஏழு நாளும், கூடியிருந்தால்? இணையத்தில் தேடி, பிரான்சின் நாட்டுப்புறத்தில் ஒரு கிழவி விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீட்டைப் பிடித்தேன். ஒரு காலத்தில் அது மாட்டுக்கொட்டிலாக இருந்ததாம். சுவரைப் பூசி, கட்டில் போட்டு, குளியலறை வைத்து வீடாக்கியிருந்தார்கள். இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா? மாட்டிடம் எவடம் என்று யாரும் கேட்பதில்லை. அண்ணி உடன்பட்டார், அண்ணரை உடன்படவைத்தார்.

அண்ணர் உள்ளே வந்து உத்தரங்களை அண்ணாந்து பார்த்தார்.

“ஊரிலை மாட்டைக் கொட்டிலுக்கை கட்டிப்போட்டு நாங்கள் வீட்டிலை படுத்தம். இஞ்சை காசு குடுத்து இடத்தை மாத்தியிருக்கிறம்.”

எல்லோரும் சிரித்தோம். மச்சானும் சிரித்தார். அதைக் கண்டதும் அண்ணர் தம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மச்சான் பரிஸ் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கித் தலைமைச் சமையல்காரராக உயர்ந்தவர். வெள்ளைக்காரர் மேசைக்கு வாரக்கணக்கில் காத்திருந்து சாப்பிடும் சமையல் அவருடையது. அன்று மாலை புட்டு அவித்து, ஆட்டிறைச்சிக் கறியும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். வாசனைக்கு முன்னாள் மாடுகளே திரும்பி வந்திருக்கும். அண்ணர் எழுந்துபோய்த் தம் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஓட்ஸ், பிஸ்கட், வாழைப்பழம். நியூசிலாந்துக்குள் சாப்பாடு கடத்தி விமான நிலையத்தில் பிடிபடும் தமிழரை நமக்குத் தெரியும். நியூசிலாந்திலிருந்து வெளியே கடத்தியவர் அண்ணர் ஒருவராகத்தான் இருப்பார்.

“வயிறு சரியில்லை” என்றார்.

நான் என் சட்டவாதத்தை மெல்ல எடுத்தேன்.

“அண்ணை, இது அவளின்ர வீடில்லையே.”

“ஓம், தெரியும்.”

“சட்டியும் வாடகைக்கு விட்ட கிழவியின்ரதான்.”

“அகப்பை பிடிச்ச கை ஆரின்ர?”

என் வாதம் அத்தோடு முடிந்தது. அந்தக் கிழமை முழுவதும் தங்கச்சி ஒவ்வொரு நேரமும் அண்ணருக்கும் ஒரு தட்டு வைத்தாள், சோறு போட்டாள், எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின் அதை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணர் அந்தத் தட்டுக்கு முன்னாலேயே இருந்து சுடுநீரில் ஓட்ஸைக் கரைத்துக் குடித்தார்.

புறப்படுவதற்கு முந்திய நாள், முற்றத்துக்கு அங்காலே குடியிருந்த வீட்டுக்காரக் கிழவி எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சூப், முயல் இறைச்சி, பிளம்ஸ் பழம் வைத்துச் சுட்ட பணியாரம். அண்ணரின் வயிறு அந்த முற்றத்தைக் கடப்பதற்குள் குணமாகிவிட்டது. சூப்பை இரண்டாம்முறை கேட்டு வாங்கினார். முயலை எலும்பு வெளுக்கச் சாப்பிட்டுத் தட்டைப் பாண் ரொட்டியால் வழித்தார்.

“சாப்பாடெண்டால் இது. என்ன சுத்தம்!” என்றார், மச்சானுக்கு நேரே இருந்துகொண்டு.

வயிறு நிறைந்ததும் பழைய பழக்கம் தலைகாட்டியது. “இவவின்ர தேப்பன் என்ன தொழில் எண்டு கேளும்” என்று மச்சானிடம் சொன்னார். அந்தக் கிழமையில் அண்ணர் அவரிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை அது. மச்சான் கேட்டார். கிழவி நீளமாகச் சொன்னார். மச்சான் மேசை விரிப்பை விரலால் நீவிவிட்டு மொழிபெயர்த்தார்.

“செத்த மாடு, குதிரையளை இழுத்துக்கொண்டுபோய்த் தோல் உரிக்கிற வேலையாம். ஊர்ச்சனம் ஒருத்தரும் அவை வீட்டிலை வாய் வைக்காதாம். பள்ளிக்கூடத்திலை தனக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்கமாட்டினமாம். நீங்கள் இப்பிடி ஆசையாச் சாப்பிட்டது பெரிய சந்தோசமாம்.”

அண்ணருக்குப் புரையேறும் என்று எதிர்பார்த்தேன். அவர் பணியாரத்தில் இன்னொரு துண்டு வெட்டினார்.

“அதுக்கென்ன? வெள்ளைக்காரர்தானே. அவையளுக்கு உதெல்லாம் இல்லை.”

தங்கச்சி எழும்பினாள். மேசையைச் சுற்றி அண்ணரிடம் வந்தாள். கிழவியின் தட்டத்திலிருந்து ஒரு துண்டு பணியாரத்தைப் பிய்த்து அவர் வாய்க்கு நேரே பிடித்தாள்.

“அண்ணை, இது நான் சமைச்சதில்லை. இவர் சமைச்சதில்லை. என்ர வீடுமில்லை, என்ர தட்டுமில்லை. கை மட்டுந்தான் என்ர. உங்கடை தங்கச்சியின்ர கை. வாயைத் திறவுங்கோ.”

அண்ணர் கோபப்படவில்லை. வாயை மூடினார், அவ்வளவுதான். மதியத்துக்குக் கடை பூட்டுவதைப்போல. அவள் கையை எடுக்கவில்லை. பழச்சாறு வழிந்து அவர் சேர்ட்டில் விழுந்தது. அண்ணி, “இஞ்சாருங்கோ, ஒரு வாய்தானே” என்றார். என் மனைவி திரைச்சீலையைப் பார்த்தாள். கிழவி இதை எங்கள் குடும்ப விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டி, “அலே! அலே!” என்று உற்சாகப்படுத்தினார். அண்ணர் முகத்தைத் திருப்பிக் கிழவியைப் பார்த்து, “மெர்சி” என்று நன்றி சொன்னார்.

தங்கச்சி அந்தத் துண்டைத் தானே, நின்றபடியே, மென்று விழுங்கினாள்.

அதன்பின் அண்ணர் ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமாக இருந்தார். கடைசி நேரத்தில் தங்கச்சியின் பெயரைச் சொன்னார் என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக இருக்கும். சொல்லவில்லை. கிரிக்கெட்டில் யார் வென்றது என்று கேட்டார். நான் சொல்லுமுன் கண்ணை மூடிவிட்டார்.

தங்கச்சியும் மச்சானும் செத்தவீட்டுக்குத்தான் வந்துசேர்ந்தார்கள். வாய்க்கரிசி போடும்போது நீங்கள் எல்லோரும் வரிசையில் நின்றீர்கள், பார்த்தீர்கள். அவள் தட்டத்திலிருந்து அரிசியை அள்ளினாள். அண்ணரின் வாய் சற்றே திறந்துதான் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “நேரம் போகுது பிள்ளை, போடுங்கோ” என்றார் ஐயர். அவள் அரிசியைத் தட்டத்திலேயே திரும்பப் போட்டாள்.

“இப்ப அவராலை வேண்டாமெண்டு சொல்லேலாது, ஐயா. நான் திணிக்கமாட்டன்.”

வரிசையில், “செத்த பிறகுமோ இந்தப் பிடிவாதம்?” என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் இந்த மலர் கிடைக்கும். அவளுக்குப் பின்னால் நின்ற மச்சான், அவள் விட்ட அதே அரிசியை எடுத்து அண்ணரின் வாயில் இட்டார். உதட்டில் ஒட்டிய ஒரு மணியை, பரிமாறுமுன் தட்டின் விளிம்பைத் துடைக்கிற கவனத்தோடு விரலால் எடுத்தார். வெளியே வந்தபின் என்னிடம் சொன்னார்:

“கடைசியிலை என்ர கையாலை சாப்பிட்டார். அதுவும் அவியாத அரிசி.”

அண்ணரின் நோய்க்காலத்தில் உடனிருந்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளைச் செய்துதந்த ஐயருக்கும், ஓக்லாந்தின் பிளாட் புஷ்ஷிலிருந்தும் மனுகாவிலிருந்தும் வேலைக்கு லீவு போட்டு வந்து நாற்காலி அடுக்கியவர்களுக்கும், தூர நாடுகளிலிருந்து அழைத்து அழுதவர்களுக்கும் அண்ணியின் சார்பில் எங்கள் நன்றி.

மச்சானுக்குத் தனியாக ஒரு நன்றி. இன்றைய அந்தியேட்டிச் சாப்பாடு முழுவதும் அவர் சமைத்தது. பரிமாறுவது தங்கச்சி. உங்களில் சிலர் இதுவரை அவர்கள் சமைத்ததை வாயில் வைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இன்றும் வேண்டாம் என்கிறவர்களுக்கு மண்டபத்துக்கு எதிரே டேரி என்கிற மூலைக்கடை ஒன்று திறந்திருக்கிறது. இறைச்சி வைத்துச் சுட்ட பை சூடாகக் கிடைக்கும். யார் வீதியைக் கடக்கிறார்கள் என்று பார்க்கத் தங்கச்சிக்கு நேரமிராது, அவள் கையில் அகப்பை இருக்கும்.

வாசலில் நான் நிற்பேன்.