142857

செல்போனுக்கு வந்த ஓடிபி 142857. அதைப் பார்த்ததும் வாசலூர்பட்டியில் எங்கள் வாசலில் மிளகு காயும் நெடி மூக்கில் ஏறியது.

நான் பள்ளியில் படித்த காலம். தங்கை மல்லிகா கணக்கில் ஃபெயிலாகி, இனிப் பள்ளிக்கூடமே வேண்டாமென்று படுத்துக் கிடந்தாள். "உடு, காட்டு வேலைக்கு வரட்டும்" என்றார் அப்பா.

எனக்கு மனசு கேட்கவில்லை. வகுப்பில் கேள்விப்பட்ட இந்த எண்ணைக் கால்குலேட்டரில் தட்டி, இரண்டால் பெருக்கிக் காட்டினேன். 285714. மூன்றால் பெருக்கினால் 428571.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "அக்கா, அதே நம்பருங்கதான் எடம் மாறி வருது!"

கால்குலேட்டரைப் பிடுங்கி ஆறு வரை அவளே பெருக்கினாள். அதே இலக்கங்கள்தான் சுற்றி வந்தன. ஏழால் பெருக்கியதும் 999999 வந்தது.

"ஏழுக்கு மட்டும் ஏன்க்கா இப்படி?"

"தெரியலயே கண்ணு. டீச்சரைத்தான் கேக்கோணும்."

மறுநாள் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். சாயங்காலம் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு ஓடிவந்து, குச்சியால் வாசல் மண்ணில் ஒன்றை ஏழால் வகுக்கத் தொடங்கினாள். 142857, மறுபடி 142857 என்று விடை வாசலைத் தாண்டிப் போனது.

மண்வெட்டியோடு வந்த அப்பா எண்களை மிதிக்காமல் நின்றார். "இது எப்ப முடியும், சாமி?"

"முடியவே முடியாதுங்கப்பா!" என்று சிரித்தாள்.

காட்டு வேலைப் பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவேயில்லை.