ரமா நட்ட அருகு

களை தானாக முளைக்கும். மெனக்கெட்டு அதை ஊரிலிருந்து கொண்டுவந்து, தண்ணீர் விட்டு யாராவது வளர்ப்பார்களா? ரமா வளர்த்தாள். கணவர் சாம்பசிவம் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. மகள் மாதங்கியின் ஒன்பதாவது மாடி வீட்டில் இப்போது மண் என்று இருப்பது ஒரு துளசித்தொட்டி மட்டும்தான். அதற்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் பழைய தோட்டம் ஞாபகம் வந்துவிடுகிறது.

தொண்ணூற்றொன்பதில், பாலாநகர் ஆலைக்கு மாற்றலாகி வந்த கையோடு சாம்பசிவம் அந்த வீட்டை வாங்கினார். பிள்ளையார் சதுர்த்திக்கு இந்தத் தெலுங்கு ஊரில் அருகம்புல்லுக்கு எங்கே போவது என்று ரமாவுக்கு ஒரே கவலை. கும்பகோணத்திலிருந்து ஒரு குத்து அருகை ஈரத்துணியில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து நட்டாள். அடுத்த வீட்டு லலிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ ரமாகாரு, இதி கரிக கதா! அருகுதானே இது! நம்ம தெரு ஓரமெல்லாம் இதானே!"

சாம்பசிவத்துக்கு ரோஜா என்றால் உயிர். வெள்ளை, மஞ்சள், கருஞ்சிவப்பு என்று பாத்தி பாத்தியாக வைத்திருந்தார். பாழாய்ப்போன அருகு விடுமா? பூமிக்கடியிலேயே ஓடி ரோஜாவின் காலடியில் போய் முளைத்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மனுஷர் களைக்கொத்தோடு குந்தி உட்கார்ந்துவிடுவார். ரமாவும் காபியோடு போய் நிற்பாள்.

"ஏன்னா, அந்த மூலையில ஒரு குத்து மட்டும் இருக்கட்டும். பிள்ளையாருக்கு."

"உன் பிள்ளையார் என் ரோஜாவைத் தின்னுண்டிருக்கார்டி!"

திட்டிக்கொண்டே அதை விட்டுவைப்பார். அடுத்த மழைக்கு அது மறுபடி ரோஜாவில் நிற்கும். வருஷா வருஷம் இதே சண்டை. அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த மாதங்கி, "எதுக்கும்மா தினம் லடாய்? பேசாம டைல்ஸ் போட்டுடுங்கோ" என்பாள். அப்போது மட்டும் இருவரும் ஒன்றுசேர்ந்து அவள்மேல் பாய்வார்கள்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குந்த முடியவில்லை. யாரோ சொன்னார்கள் என்று களைக்கொல்லி வாங்கிவந்து ஒளித்துவைத்திருந்தார். ரமா கோயிலுக்குப் போன ஒரு காலையில், அவசர அவசரமாகத் தெளித்தும் விட்டார். அன்றைக்கென்று காற்று வேறு. அருகு கருகியது, வாஸ்தவம். கூடவே ரோஜாவும் கருகியது. மழை பெய்ததும் அருகு அடிவேரிலிருந்து ஜம்மென்று துளிர்த்தது. ரோஜா ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லையா என்று கேட்கத்தான் ரமாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவர் கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காபி ஆறிக் கிடந்தது. சாதத்தைப் பிசைந்துவிட்டு எழுந்துகொண்டார். இப்படியே நாள் போயிற்று. மனுஷர் கண்ணெதிரே இளைத்துக்கொண்டே போனார்.

ஒருநாள் நல்ல மழை விட்டதும் ரமா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு களைக்கொத்தை எடுத்தாள். மண் ஈரமாக இருந்தால்தான் வேர் அறாமல் வரும். துண்டு தங்கினால் அதிலிருந்தே துளிர்க்கும். வெள்ளை வேரை விரலால் தடவித் தடவி, முழம் முழமாக உருவி, மொட்டைமாடி வெயிலில் போட்டாள். பழைய பேப்பரை நனைத்துப் பாத்தியில் பரப்பி, மேலே சருகு போட்டு மூடினாள். மூலையிலிருந்த அந்தக் குத்தையும் விடவில்லை. அதைத் தோண்டும்போது மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சருகை விலக்கிப் புது ரோஜாக் கன்றுகள் வைத்த அன்று, சாம்பசிவம் இரண்டாவது தடவை ரசம் கேட்டார்.

சதுர்த்தியன்று பலகையில் களிமண் பிள்ளையார். கழுத்தில் அருகு மாலை.

"ஏதுடி இது? தோட்டத்துல சுத்தமா இல்லையே?"

"மார்க்கெட்ல வாங்கினேன். தெரு ஓரமெல்லாம்தான் இப்போ சிமெண்ட் போட்டுட்டாளே."

"காசு குடுத்தா? நீயா?"

"ஆமா. பிள்ளையாருக்கு அருகு கடையில கிடைக்கும். உங்க சிரிச்ச மூஞ்சி எனக்கு எந்தக் கடையில கிடைக்கும்?"

சாம்பசிவம் பூஜை முடிகிறவரை மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.