இருபத்தேழு கேள்வியும் ஒரு பச்சை பட்டனும்

என் பேரு மணிவண்ணன். கரிக்கலாம்பாக்கத்துல வூடு. மருமவன் இன்னா வேலை பண்றாருன்னு யாராவது கேட்டா என் மாமியார் "கம்ப்யூட்டர்ல பந்தல் போடறாரு"ன்னு சொல்லிடுவாங்க. நான் திருத்தறதில்ல. ஏன்னா நான் செஞ்ச சரக்கோட பேரே பந்தல்தான். வெப்சைட்டுக்கு ஒரு ரெடிமேட் சட்டம். கடைப் பேரு, நாலு போட்டோ, போன் நம்பர் போட்டா அரை மணியில சைட்டு எழுந்து நிக்கும். மெட்ராஸ் கம்பெனியில ஒம்பது வருஷம் அடுத்தவனுக்கு பட்டன் செஞ்சவன், ஊருக்கு வந்து சொந்தமா பட்டன் செய்யக் கெளம்பினதுதான் என் வாழ்க்கை வரலாறு. அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு பாருங்க.

வில்லியனூர்ல பிரவுசிங் சென்டர் வச்சிருக்கற வீரமணிதான் பந்தல மொதல்ல எடுத்தவன். அவன் புண்ணியத்துல பாகூர் வரைக்கும் நாப்பத்தோரு சைட்டு ஆச்சு. ஜேசிபி வாடகை, பூ அலங்காரம், நாய்க்குட்டி விக்கறவரு, எல்லாம் என் பந்தலுக்குக் கீழதான். ரோட்டுல எதுக்க ஜேசிபி வந்தா வண்டிய ஓரங்கட்டி, பெத்த புள்ளைய பாக்கற மாதிரி பாப்பேன். அவ்ளோ தலக்கனம் எனக்கு.

ரெண்டாவது வெர்ஷன் பண்ணணும்னு ஆச வந்துச்சு. அதுக்கு, உபயோகப்படுத்தறவங்க கிட்ட கருத்து கேக்கணும். கேட்டேன். ஒண்ணு ரெண்டு இல்ல, இருபத்தேழு கேள்வி. எழுத்தின் அளவு திருப்தியா? மெனு வலப்பக்கம் வேண்டுமா, இடப்பக்கம் வேண்டுமா? நீல நிறம் உங்கள் மனதில் என்ன உணர்வை ஏற்படுத்துகிறது? ஆமாங்க, நாள் பூரா மண்ணு தோண்டற மனுஷன் கிட்ட நீலம் இன்னா உணர்வக் குடுக்குதுன்னு கேட்டேன். என் பொண்டாட்டி சுவேதா படிச்சுப் பாத்துட்டு, "இதுல பெயில் ஆனா மறுபடியும் எழுதணுமா?"ன்னு கேட்டா.

பதில் வந்துச்சு. நாப்பத்தோரு பேரும் அஞ்சு ஸ்டார். கருத்து எழுதற எடத்துல "சூப்பர்", "சூப்பர்ணே", கட்டவிரலு, ஒரு ரோஜாப்பூ. ஒருத்தர் "இனிய காலை வணக்கம்"னு போட்டிருந்தாரு. நம்ம பக்கத்துல ஒருத்தன் செஞ்சத மூஞ்சிக்கு நேரா யாரும் கொற சொல்ல மாட்டாங்க. கல்யாண வூட்டுல பாயசம் தீஞ்சிருந்தாலும் தெரு தாண்டின அப்புறம்தான் வாயத் தொறப்பாங்க. இது எனக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். ஆனா அஞ்சு ஸ்டாரக் கண்டதும் அறிவு கழண்டு போச்சு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டேன்.

இதுக்கு நடுவுல இன்னொரு ரோதனை. மூணு மாசமா என் போனுக்கு ராங் கால் மேல ராங் கால். "ஜேசிபி எப்ப வரும்?" "குட்டி ஆணா, பொட்டையா?" "திருபுவனைக்கு நாப்பது சாப்பாடு அனுப்ப முடியுங்களா?" மொதல்ல மரியாதையா ராங் நம்பருங்கன்னு சொன்னேன். அப்புறம் கத்த ஆரம்பிச்சேன். திருபுவனைக்காரரு நாலாவது தடவ கூப்டப்ப, "அறிவில்ல? ஒரு தடவ சொன்னா ஏறாதா?"ன்னு கேட்டு பிளாக் பண்ணிட்டேன். என் பங்காளி பாக்யராஜ்தான் வெளாட்டுக்கு என் நம்பர எங்கயோ எழுதிவுட்டுட்டான்னு முடிவு பண்ணி, அவன் பொண்ணு காதுகுத்துக்குக்கூட போகல.

அப்பதான் ஒரு கட்டுரையில படிச்சேன். கேள்வி அனுப்பினா பத்தாது, உபயோகப்படுத்தறவங்க பக்கத்துல உக்காந்து பாக்கணுமாம். சரின்னு நோட்டும் பேனாவும் எடுத்துக்கினு செலியமேட்டுக்குப் போனேன், தையலம்மாள் அக்கா வூட்டுக்கு. திருபுவனையில ஒரு கம்பெனி கேன்டீன்ல பதினாலு வருஷம் சமைச்சவங்க. அத வுட்டுட்டு, சொந்தமா கம்பெனிங்களுக்கு மத்தியான சாப்பாடு அனுப்பலாம்னு துணிஞ்சு எறங்கினாங்க. அவங்களுக்கும் வீரமணிதான் பந்தல்ல சைட்டு போட்டுக் குடுத்தான்.

போன ஒடனே எலையப் போட்டுட்டாங்க. சாம்பாரு சப்புன்னு இருந்துச்சு.

"எப்டி கீது தம்பி?"

"சூப்பர்க்கா. சைட்டு எப்டி கீதுக்கா?"

"சூப்பரா கீது தம்பி."

அத நோட்டுல வேற எழுதிக்கினேன். எழுதிட்டு நிமுந்து பாத்தா, மூலையில பெரிய அண்டா, குண்டான் எல்லாம் கழுவிக் கவுத்து கயித்தால கட்டி வச்சிருந்துச்சு.

"இன்னாக்கா, எல்லாத்தயும் கட்டி வச்சிக்கிறீங்க?"

"வித்துட்டேன், நாளைக்கு வந்து எடுத்துக்கினு போறாங்க. திங்கக்கெழமையிலேர்ந்து பழைய கேன்டீனுக்கே போறேன்." சோத்தப் பாத்துக்கினே சொன்னாங்க. "நாலு கம்பெனிக்கு சாம்பிள் குடுத்தேன். சாப்ட்டுட்டு சைட்டுல பாத்து கூப்டறோம்னாங்க. ஒருத்தரும் கூப்டல. உன் சைட்டு மேல கொற இல்ல தம்பி, என் சமையல்தான் எடுபடல. வெந்தயத்தக் கொறச்சேன், காரத்தக் கொறச்சேன், பெருங்காயத்த மாத்தினேன். அப்பவும் கூப்டல."

எனக்கு அப்பவும் விஷயம் மண்டையில ஏறல. வந்த வேலையப் பாப்போம்னு, "உங்க போன்ல சைட்டத் தொறந்து, கஸ்டமரு மாதிரி, கீழ கூப்டறதுக்கு இருக்கற அந்தப் பச்சை பட்டன அமுக்குங்க"ன்னேன்.

"என் நம்பருக்கே நான் இன்னாத்துக்குக் கூப்டணும்?"

"சும்மா அமுக்குங்கக்கா."

அமுக்கினாங்க. என் சட்டப் பையில போன் அடிச்சுது.

மேல தெரியற நம்பர வீரமணி ஒழுங்கா மாத்தித்தான் இருந்தான். கீழ இருக்கற பச்சை பட்டனுக்கு நம்பரு தனி. அத மாத்தற எடத்த, பாக்க லட்சணமா இருக்கணும்னு மூணு மெனுவுக்கு உள்ள ஒளிச்சு வச்ச மகான் நான்தான். மாதிரிக்கு அதுல போட்டிருந்தது என் நம்பரு. ஆக, நாப்பத்தோரு கடைக்கு வந்த போனையும் நானே எடுத்து, நானே திட்டி, நானே தொரத்தியிருக்கேன். இருபத்தேழு கேள்வியில "யாராவது கூப்ட்டாங்களா"ன்னு ஒரு கேள்வி இல்ல.

"அக்கா, கூப்ட்டாங்கக்கா. நாப்பது சாப்பாடு கேட்டு நாலு தடவ கூப்ட்டாங்க. நான்தான் அறிவில்லையான்னு கேட்டு வச்சிட்டேன்."

அக்கா என்னையே பாத்தாங்க. "மூணு மாசமா என் கைய நானே சந்தேகப்பட்டேன்டா," அப்டின்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "அழுவாத. கையக் கழுவிட்டு மொதல்ல அத சரி பண்ணு."

அங்கயே லேப்டாப்பத் தொறந்து, மேல இருக்கற நம்பரயே பட்டனும் எடுத்துக்கற மாதிரி மாத்தினேன். பத்து நிமிஷ வேல. அப்புறம் பிளாக்க எடுத்துட்டு திருபுவனைக்காரருக்குப் போன் போட்டேன். பேரு அன்புராஜாம், சூப்பர்வைசரு.

"நீதான அன்னைக்கு அறிவில்லையான்னு கேட்டது?"

"ஆமாங்க. இல்லாதது எனக்குத்தாங்க."

"அந்த அம்மா நம்பரச் சொல்லுய்யா"ன்னாரு. அக்கா கயித்த அவுக்க ஆரம்பிச்சாங்க.

அன்னைக்கே பாக்யராஜ் வூட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன். அவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் அடங்கல. இருபத்தேழு கேள்வியயும் தூக்கிப் போட்டுட்டு ஒண்ணே ஒண்ணு அனுப்பினேன்: இந்த வாரம் யாராவது கூப்ட்டாங்களா? ஜேசிபிக்காரரு என் பரம்பரையயே இழுத்து எட்டு வரி எழுதியிருந்தாரு. தையலம்மாள் அக்காவோட பதிலு கடைசியா வந்துச்சு.

"ரெண்டு கம்பெனி கூப்ட்டாங்க. நான் திட்டாம பேசினேன். வெந்தயம் பழையபடி போடறேன். உனக்கு ஒரு ஸ்டார்தான்."

ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டேன்.