அது வேறொரு பெண்

விசுக்… விசுக்… எதிர்மாடியில் யாரோ சிலம்பம் பழகுகிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுதுகிறேன், தோழி.

ஒரு வீராங்கனையை இல்லாமலாக்கியவள் நான்!

யாளியேறிப் போர்புரியும் என் மாயக்கதை நாயகி வன்னிக்கோதையைச் சொல்லவில்லை. அவள் நலமாக இருக்கிறாள். உன் மகளின் பள்ளிப்பையில்கூடப் படமாகத் தொங்குகிறாள். நான் சொல்வது, அவளுக்குத் தோளும் நடையும் கொடுத்த மஞ்சுவை. திருமுல்லைவாயிலில் எங்கள் கீழ்வீட்டுப் பெண். மொட்டைமாடியில் அவள் கம்பு சுற்ற, நான் ஓரமாக உட்கார்ந்து வரிவரியாகத் திருடினேன்.

மாநிலப் போட்டிக்கு அவள் தேர்வான சமயத்தில் வரன் வந்தது. போட்டிக்கு முன்பே கல்யாணம் என்றார் அவள் அப்பா. மஞ்சு என்னிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, மாப்ள ஊட்டுக்காரங்க என்னப் பத்தி விசாரிக்க உன்னாண்டதான் வருவாங்க. கம்பு சுத்துவா, பசங்களையே அடிச்சு சாய்ப்பா, அத்த உடவே மாட்டான்னு சொல்லு. பயந்து ஓடிடுவாங்க. ரெண்டு பொய்கூட சேத்துக்கோ… அதான் உனுக்குக் கைவந்த வேலையாச்சே!"

சிரித்தேன். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வந்தார்கள். பையனின் அம்மா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "பொண்ணு சிலம்பம் கிலம்பம் சுத்துதாமே?"

கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் வருமே என்ற பயமா… விசாரிக்க வந்தவர்களிடம் பெண்ணைப் பற்றிக் குறை சொல்லாத எங்கள் தெரு வழக்கமா… எது என் நாக்கைப் பிடித்தது?

"அது வேற பொண்ணுங்க. இவ ரொம்ப அடக்கம்."

பொய்கூட வேண்டாம், உண்மையைச் சொல்லியிருந்தாலே போதுமே! அதைச் சொல்லக்கூட எனக்குத் துணிவில்லை. அன்று காலைதான் வன்னிக்கோதை தனியொருத்தியாய்க் கோட்டைக் கதவை உடைக்கும் அத்தியாயத்தை முடித்திருந்தேன்.

மஞ்சுவின் அப்பா லட்டு டப்பாவோடு வந்து நன்றி சொன்னார். வாங்கிக்கொண்டேன். தின்றேனா? தின்றேன்.

பள்ளிகளுக்குப் பேசப் போனால் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "மிஸ், வன்னிக்கோதை நெஜமாவே இருந்தாங்களா?" இல்லை என்கிறேன். மறுபடியும்!

நீ மன்னிக்க வேண்டாம். மஞ்சு புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய காலையை மட்டும் கேட்டுக்கொள்.

வேனில் ஏறுமுன் என் கையைப் பிடித்தாள். மருதாணிக்கு அடியில் உள்ளங்கைக் காய்ப்பு இன்னும் சொரசொரத்தது. முகத்தில் கோபம் தெரிகிறதா என்று தேடினேன்… இல்லை. யார் காதிலும் விழாமல் சொன்னாள்:

"புக்கு வந்தா எனுக்கு அனுப்பிடாதக்கா. நான் கம்பு சுத்துவேன்னு அந்த ஊட்ல யாருக்கும் தெரியாது."