அட்டை இல்லாத புத்தகங்களின் குழு

தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஏழு பேரோடு வளர்ந்தவன் நான். தலவாக்கலை டவுனில் பழைய பேப்பர், போத்தல் வாங்கும் கடை வைத்தேன். மாடி வீடு கட்டினேன். இரண்டு பெண் பிள்ளைகளை டீச்சர் ஆக்கினேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் நானே ஆணி அடித்து எட்டுத் தட்டு அலுமாரி செய்தேன். இன்றைக்கு அதில் புத்தகம் வைக்க இடமில்லை. இவ்வளவும் செய்தவன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இதையெல்லாம் சொல்லிக்காட்டுவது அழகில்லை என்பாள் என் மனைவி. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

கடைசியாக ஒன்று உண்டாக்கினேன். அதுதான் நம்முடைய வாசிப்பு வாட்ஸ்அப் குழு. இப்போது குழுவுக்கு ஒரு சிறப்பு மலர் அச்சடிக்கப் போகிறார்களாம். முதல் பக்கத்துக்கு எழுதியதைப் போன வாரம் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். ‘வாசிப்பில் ஆர்வமுள்ள சிலரின் முயற்சியால் இக்குழு உருவானது’ என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தேன். அந்தச் சிலரில் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை நானே எழுதித் தருகிறேன்.

என் கடைக்குப் புத்தகம் வருவது சாக்கில். வாத்தியார்மார் மாற்றலாகிப் போகும்போது வரும். பிள்ளைகள் வெளிநாடு போன வீட்டைக் காலி பண்ணும்போது வரும். பாதிக்கு அட்டை இருக்காது. எழுதியவர் யார், கதைக்கு என்ன பேர், ஒன்றும் தெரியாது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. பெரிய எழுத்தாளர் என்று பயந்து வாசிக்க வேண்டியதில்லை. நன்றாக இருந்தால் அலுமாரிக்குப் போகும். இல்லாவிட்டால் திரும்பவும் சாக்குக்குப் போகும். ஆனால் சில புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் கடலை சுற்றப் போயிருக்கும். அதுதான் தாங்க முடியாது. கல்யாணம் நடந்ததா, கிழவர் பிழைத்தாரா என்று தெரியாமல் எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன்!

மூத்த மகள் ஒரு போன் வாங்கித் தந்தாள். கிழிந்த இடத்துக்கு முந்தின பக்கத்தைப் படம் பிடித்து, எனக்குத் தெரிந்த பன்னிரண்டு பேருக்கு அனுப்பினேன். ‘இதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?’ என்று குரலில் கேட்டேன். அந்தப் பன்னிரண்டு பேரில் டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து டீச்சரும் ஒருவர். மூன்றாம் நாள் அவர் நாலு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். கிழவர் பிழைத்துவிட்டார். அன்றைக்கே மகளைக் கொண்டு அந்தப் பன்னிரண்டு பேரையும் ஒரு குழுவாக்கினேன். முடிவு இல்லாத புத்தகத்துக்கு முடிவு தேடிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

என் மனைவியின் தங்கை லிந்துலைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறாள். வாய்க்காரி. ஒருநாள் வீட்டுக்கு வந்து அலுமாரியைப் பார்த்துக்கொண்டே, “மச்சான், இத்தனையும் நீங்க மட்டும் வாசிச்சு என்ன செய்யப் போறீங்க? மலையில எங்க கைக்குத்தான் வேல, காது சும்மாதான் கெடக்குது. வாசிச்சு அனுப்புங்களேன்” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் கடையில் உட்கார்ந்து இருபது நிமிஷம் வாசித்து அவளுக்கும் குழுவுக்கும் அனுப்பினேன். இடையில் போத்தல் உருளும், பஸ் கத்தும். அவள் போனைத் தலைத்துண்டு மடிப்பில் செருகிக்கொள்வாள். பக்கத்து நிரைப் பெண்களும் நெருங்கி வந்து கேட்பார்கள். கங்காணி முதல் நாள் சத்தம் போட்டாராம். நாலாம் நாள், “நேத்து எங்க நிப்பாட்டுச்சு?” என்று கேட்டாராம்.

அப்படி வாசித்ததில் ஒன்று நல்ல தடித்த நாவல். ஒரே சாக்கில் இரண்டு கட்டாக வந்தது. ஒரே மாதிரித் தாள், ஒரே அளவு எழுத்து. முதல் கட்டு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு நின்றது. இரண்டாவது நூற்றுப் பதின்மூன்றில் தொடங்கியது. யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? கோணி ஊசியால் சணல் போட்டு இரண்டையும் சேர்த்துத் தைத்தேன்.

முதல் பாதியில் ஒருவன் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறிப் போகிறான். பின்பாதியில் அவனைக் காணோம். பட்டணத்தில் கோர்ட்டுக்குப் போகும் ஒரு லோயர் பெரிய வீட்டில் இருக்கிறார். நான் யோசித்தேன். ஓடிப்போனவன்தான் பேரை மாற்றிக்கொண்டு லோயர் ஆகிவிட்டான் என்று பிடிபட்டது. எழுதியவர் பலே ஆள் என்று மெச்சி, அதையும் விளக்கிச் சொல்லி அனுப்பினேன்.

மலையில் பெரிய வாக்குவாதமாம். “பொண்டாட்டிய விட்டுட்டு ஓடுனவன் பேர மாத்தாம என்ன செய்வான்?” என்றாள் ஒருத்தி. கடைசியில் லோயர் சொத்தை எல்லாம் இழந்து வாதம் வந்து படுத்தபோது, “நல்லா வேணும் அந்தப் பயலுக்கு!” என்று என் கொழுந்தியாள் கூடையைத் தட்டிச் சிரித்தாளாம்.

மறுநாள் டீச்சர் எனக்குப் போன் எடுத்தார்.

“ஐயா, குறை நினையாதேங்கோ. நீங்கள் வாசிச்சது ரெண்டு புத்தகம்.”

“என்னங்க டீச்சர் சொல்றீங்க?”

“பின்பாதி எங்கட வீட்டில இருந்த புத்தகம், எனக்கு நல்லாத் தெரியும். அந்த லோயர் பாவம் ஐயா. அவர் ஒரு பொம்பிளையையும் விட்டிட்டு ஓடேல்லை.”

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. வாசிப்பதை நிறுத்தினேன். குழுவைத் திறந்தே பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியாள் வந்து வாசலில் நின்றாள்.

“என்ன மச்சான், கத வரலயே?”

“நான் தப்பா தைச்சிட்டேன்ம்மா. ரெண்டு வேற வேற கத.”

“அது கெடக்கட்டும். அப்ப கப்பல் ஏறிப் போனவன் என்ன ஆனான்? அவளுக்குப் புள்ள பொறந்துச்சா இல்லையா? மலையில எல்லாரும் எங்கிட்டதான் கேக்குறாங்க. நீங்க இங்க மூஞ்சத் தூக்கி வச்சுகிட்டு உக்காந்திருக்கீங்க!”

அவள் போனதும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படம் பிடித்தேன். என் தப்பையும் மறைக்காமல் சொல்லி, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பச் சொல்லிக் குழுவில் போட்டேன். அட்டனுக்குப் போனது, நுவரெலியாவுக்குப் போனது, கடல் தாண்டியும் போனது. தேடுகிறேன் என்று புதிது புதிதாக ஆட்கள் குழுவில் சேர்ந்தார்கள். கனடாவில் இருக்கும் ஒரு நர்ஸ் அம்மா தன் அப்பாவின் பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, மிச்சப் பக்கம் முழுவதையும் படம் பிடித்து அனுப்பினார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவன் திரும்பி வருகிறான். அவள்தான் கதவைத் திறக்கவில்லை. அதையும் வாசித்து மலைக்கு அனுப்பினேன். தேட வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. பன்னிரண்டு பேர் முந்நூறுக்கு மேல் ஆனது அப்படித்தான்.

முதல் பக்கத்தைப் பார்த்த அன்று, மலர் வேலையைக் கவனிக்கும் அதே டீச்சரிடம் நேரே கேட்டேன்.

“என் பேர ஏங்க விட்டுட்டீங்க?”

“உங்களைப் பற்றி எழுதினால் அந்தத் தையலையும் எழுதோணும் ஐயா. வெளிநாட்டு ஆக்களும் வாசிப்பினம். உங்களைப் பகிடி பண்ணிப்போடுவினமெண்டு பயந்துதான்...”

குரல் இறங்கிவிட்டது. கிழவர் பிழைத்த நாலு பக்கத்தை எனக்காகத் தேடிப் பிடித்தவர் அவர். அவரோடு எப்படிச் சண்டை போடுவது? என் மானத்தைக் காப்பாற்ற என்னையே எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு அந்த மானம் வேண்டாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். டீச்சர், ‘சிலரின் முயற்சியால்’ என்பதை அடித்துவிடுங்கள். பழைய பேப்பர் கடைக்காரர் ஒருவர் முடிவு கேட்டதால் இந்தக் குழு தொடங்கியது, அவர் இரண்டு புத்தகத்தைச் சேர்த்துத் தைத்ததால் வளர்ந்தது என்று என் முழுப் பேரோடு எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய நாலு பக்கத்தையும், என் கொழுந்தியாள் கேட்ட கேள்வியையும், கனடா அம்மாவையும் கட்டாயம் போட வேண்டும். அதெல்லாம் இரண்டாவது வரியில். முதல் வரி எனக்கு. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தரம் எனக்கு அனுப்பிக் காட்டுங்கள்.